தேடினால் வராத தளம்: பதினோரு மாதங்களும் 680 வெள்ளியும்

2024 ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்று முடிந்து, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் வாசலில் மழை விடக் காத்து நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பல்கலைக்கழக மாணவி பேச்சுக் கொடுத்தாள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றி ஆய்வு செய்கிறாளாம். "ஆறு மாசமா தேடுறேன் ஆன்ட்டி. இங்கிலீஷ்ல கொஞ்சம் இருக்கு. தமிழ்ல ஒண்ணுமே கிடைக்கல" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அதைப் பற்றி மட்டுமே 214 பதிவுகள் எழுதி என் இணையதளத்தில் வைத்திருக்கிறேன். அவள் கைப்பேசியை வாங்கி, என் பதிவு ஒன்றின் தலைப்பை ஒரு எழுத்து மாறாமல் கூகுளில் தட்டினேன். வரவில்லை. இன்னொரு தலைப்பு. அதுவும் வரவில்லை. என் தளத்தின் பெயரையே தட்டினேன். யார் யாருடைய தளமோ வந்தது, என்னுடையது மட்டும் வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த ஏழு மாதங்கள் என்ன செய்தேன், எங்கெங்கே தவறினேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் தொழில்நுட்பம் படித்தவள் இல்லை. கணக்கு எழுதும் வேலை. என்னைப் போல் தனியாகத் தமிழில் எழுதும் ஒருவருக்கு இது சில மாதங்களை மிச்சப்படுத்தினால் போதும்.

முதலில் பின்கதை. அப்பா 1956-இல் பதினெட்டு வயதில் நேவல் பேஸில், அதாவது அந்தக் கடற்படைத் தளத்தில், வேலைக்குச் சேர்ந்தவர். 1968-இல் அங்கிருந்த கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியபோதும் அங்கேயே தொடர்ந்தார். 2012-இல் நான் பிளாக்ஸ்பாட்டில் (பிளாக்கர் என்பதும் அதுதான்) இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்லத் தட்டுவேன். லைன் வீடுகள், சம்பள நாள், தீமிதிக்கு வசூல் செய்த கணக்கு, 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் போனபோது யார் யார் ஊர் திரும்பினார்கள் என்று எல்லாமே அதில் வந்தன. 2019-இல் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பதிவுகள் எனக்கு வெறும் எழுத்தாக இல்லை. இலவசத் தளம் ஒருநாள் மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது. 2023 மார்ச்சில் சொந்தமாக ஒரு டாட் எஸ்ஜி முகவரியும் அதற்கு இடமும் வாங்கினேன். எங்கள் மாடியில் இருக்கும் அக்காவின் மகன், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நிறுவி, பழைய பதிவுகளை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தான். மே மாதம் புதிய தளத்தைத் திறந்தேன். அன்றே பழைய வலைப்பூவை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினேன். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறிக்குப் பிடிக்காது என்று எங்கேயோ படித்திருந்தேன். புதிய வீட்டுக் கதவு திறக்கிறதா என்று பார்க்காமல் பழைய வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்ட கதைதான் அது. அப்போது தெரியவில்லை.

அதன்பிறகு நாளுக்கு மூன்று பேர், நான்கு பேர் வந்தார்கள். பழைய இடத்தில் சாதாரணமாக ஐம்பது அறுபது பேர் வருவார்கள். தமிழில் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லாரும் காணொளிக்குப் போய்விட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். இதுதான் எனக்கு ஆகப் பெரிய நட்டம். பணத்தைவிடப் பெரியது. அந்த மாதங்களில் எழுதியிருக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லக்கூடிய இரண்டு பெரியவர்கள் இப்போது இல்லை.

வாசகர்கள் திடீரென்று குறைந்தால், எழுத்து சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் பத்து வினாடி செலவழியுங்கள். தேடுபெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல், அதன்பின் முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரி என்று தட்டுங்கள். அது காட்டும் எண்ணிக்கை துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால், உங்கள் தளம் பட்டியலில் கடைசியில் இருக்கிறது என்று பொருள் இல்லை, பட்டியலிலேயே இல்லை என்று பொருள். இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. நான் முதல் நோய்க்கான மருந்தை இரண்டாம் நோய்க்கு வாங்கினேன்.

2023 அக்டோபரில், தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு சிறிய நிறுவனத்தை அழைத்தேன். ஈசூனில் கோப்பிக் கடையில் ஒருவர் வந்து சந்தித்தார். மரியாதையாகப் பேசினார். மூன்று மாதத்தில் முதல் பக்கம், கட்டணம் 680 வெள்ளி என்றார். கொடுத்தேன். மாதம் ஒருமுறை வண்ண வரைபடங்களோடு அறிக்கை வந்தது. எங்கெங்கோ இருக்கும் ஐந்நூறு தளங்களில் என் தளத்துக்கு இணைப்பு போட்டிருந்தார்கள். ஒன்று கார் டயர் விற்கும் தளம், இன்னொன்று சூதாட்டம். அப்பாவின் பெயர் இருக்கும் பக்கத்துக்குச் சூதாட்டத் தளத்திலிருந்து இணைப்பு. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு பக்கம்கூடத் தேடலில் வரவில்லை. கேட்டதற்கு, தமிழ் என்பதால் நேரமெடுக்கும், இன்னும் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டவில்லை.

அவர்கள் ஒருமுறைகூட என்னிடம் சர்ச் கன்சோல் அனுமதி கேட்கவில்லை. இதை மட்டும் அன்று தெரிந்திருந்தால் அந்த மேசையிலிருந்து எழுந்து வந்திருப்பேன். கூகுள் சர்ச் கன்சோல் என்பது தள உரிமையாளர்களுக்கான இலவசக் கருவி. உங்கள் பக்கங்களில் எது சேர்க்கப்பட்டது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று கூகுளே அதில் சொல்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் ஒருவர் உங்கள் தளத்துக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்றால், நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடலில் ஏறுவதற்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவது அவர்களுடைய விதிகளுக்கு எதிரானது என்றும் எழுதியிருக்கிறது. யாரிடமாவது உதவி கேட்கத்தான் வேண்டும் என்றால், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். பார்க்க மட்டும் முடிகிற பயனராக அவரைச் சேர்க்க அதிலேயே வழி இருக்கிறது.

சரி, நூலக வாசலுக்கு வருகிறேன். மறுநாள் இரவு சர்ச் கன்சோலில் என் தளத்தைச் சேர்த்தேன். தளம் என்னுடையதுதான் என்று நிரூபிக்க, முகவரி வாங்கிய இடத்தில் ஒரு நீண்ட குறியீட்டை ஒட்ட வேண்டும். எனக்கு அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. விவரங்கள் வர மூன்று நாள். அப்புறம் பக்கங்களின் அறிக்கையைத் திறந்தேன். சேர்க்கப்பட்டவை: 0. சேர்க்கப்படாதவற்றுக்குக் காரணங்கள் வரிசையாக இருந்தன. முதல் வரியில் நோஇன்டெக்ஸ் என்ற சொல்.

நோஇன்டெக்ஸ் என்பது பக்கத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு வரி. "இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே" என்று தேடுபொறியிடம் சொல்வது. அதை யார் அங்கே வைத்தது? நாங்கள்தான். வேர்ட்பிரஸ் அமைப்புகளில், வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தளம் கட்டி முடிக்கும்வரை அதில் குறியிட்டு வைப்பது வழக்கம், அது நல்ல பழக்கமும்கூட. அக்கா மகன் அப்படித்தான் குறியிட்டிருக்கிறான். அடுத்த மாதமே அவனுக்குத் தேசிய சேவை தொடங்கிவிட்டது. அவன் சொல்ல மறந்தான், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பதினோரு மாதமும் 680 வெள்ளியும் அந்த ஒற்றைக் குறியில் போயின.

அதை எடுக்க இரண்டு வினாடிதான். எடுத்தபின் அழுதேன். பொழுது விடிந்ததும் அக்காவிடம் சொன்னேன், ஆனால் அவனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் உதவிக்கு வந்த பிள்ளை.

இதில் ஒன்று கவனியுங்கள். வேர்ட்பிரஸ் 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து அந்தப் பெட்டி நோஇன்டெக்ஸ் வரியைத்தான் போடுகிறது. அதனால் தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு அங்கே தடை எதுவும் இல்லை என்று நிம்மதியடைய முடியாது. அந்தப் பெட்டியில் குறி இருக்கும்வரை தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிட்டு வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் தளவரைபடக் கோப்பும் வராது. அந்த முகவரிக்குப் போனால் பக்கம் இல்லை என்று வரும். முந்தைய செப்டம்பரிலேயே நான் அதைப் பார்த்திருக்கிறேன். என்னவோ கோளாறு என்று விட்டுவிட்டேன். உங்கள் தளவரைபடம் திறக்கவில்லை என்றால் முதலில் அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள்.

பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஈசூனிலிருந்து தேக்காவுக்குப் போய் அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு வாங்கிவந்து படத்துக்கு முன் வைத்தேன். மூன்று வாரம் போனது. சேர்க்கப்பட்டவை: இன்னும் 0. தினமும் இரவு வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பதிவின் முகவரியையும் ஒட்டி, சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாளுக்குச் சில முகவரிகளோடு அளவு முடிந்துவிடும், மறுநாள் வா என்று சொல்லும். ஒரே முகவரிக்கு மூன்று முறை அழுத்தினேன். அதனால் எதுவும் வேகமாகாது என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் பின்னால்தான் படித்தேன். நிறையப் பக்கங்கள் இருந்தால் தளவரைபடத்தை ஒருமுறை கொடுத்துவிட்டு நகர்வதுதான் சரி. பொத்தான் ஒன்றிரண்டு முக்கியமான பக்கங்களுக்கு மட்டும்.

அறிக்கையில் முதல் வரியைப் படித்துவிட்டுக் கீழே போகாமல் விட்டதுதான் என் தவறு. இரண்டாவது வரியில் 403 என்ற எண்ணும், அணுக அனுமதி மறுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வாசகமும் இருந்தன. எனக்கு அந்த எண் புரியவில்லை, அதனால் கண் தாண்டிப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மதியம், முகவரியைச் சோதிக்கும் கருவியில் நேரடிச் சோதனை என்ற பொத்தானை அழுத்தினேன். கூகுள் அந்த நிமிடமே என் பக்கத்துக்கு வந்து பார்க்க முயன்றது. திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறது என் தளம். அதே பக்கம் என் கைப்பேசியில் அழகாகத் திறக்கிறது. எனக்குத் திறக்கும், கூகுளுக்குத் திறக்காது என்றால் எப்படி?

மாலைவரை யோசித்தபின் நினைவு வந்தது. 2023 ஜூலையில் என் தளத்தில் ஒரே நாளில் முந்நூறு குப்பைக் கருத்துகள் விழுந்தன, எல்லாம் வெளிநாட்டிலிருந்து. வேர்ட்பிரஸோடு கூடுதலாகச் சேர்த்த பாதுகாப்புச் செருகுநிரல் ஒன்றில் நாடுகளைத் தடுக்கும் வசதி இருந்தது. என் வாசகர்கள் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை என்று நினைத்து, மற்ற நாடுகளை எல்லாம் அடைத்துவிட்டேன். குப்பை நின்றது. அந்த மகிழ்ச்சியில் மறந்தும் போனேன். பக்கங்களைப் படித்துப் போக வரும் தேடுபொறியின் ஊர்வான் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. நான் அதன் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன். நோஇன்டெக்ஸ் வரியை எடுத்தேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே வந்து பார்த்தால்தானே!

நாட்டுத் தடையை எடுத்தேன். கருத்துகளை மட்டும் நான் பார்த்து அனுமதித்தபின் வெளியாகும்படி மாற்றினேன். அடுத்த பத்து நாளில் 9 பக்கங்கள் சேர்ந்தன. பக்கம் உங்கள் கைப்பேசியில் திறக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நேரடிச் சோதனை காட்டும் படத்தை நம்புங்கள். தடுப்புச்சுவர் உங்கள் செருகுநிரலில் இருக்கலாம், இடம் கொடுத்த நிறுவனத்திடமும் இருக்கலாம். பின்னதென்றால், கூகுளின் ஊர்வானுக்கு 403 போகிறது, பதிவேட்டில் பாருங்கள் என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள். என் தளம் தேடலில் வரவில்லை என்று மட்டும் எழுதினால் அது எங்கள் வேலை இல்லை என்றுதான் பதில் வரும்.

மூன்றாவது சிக்கல் நானே புதிதாக உண்டாக்கியது. பழைய வலைப்பூவைப் பூட்டிவிட்டேன் அல்லவா? பத்து ஆண்டுகளில் உறவினர்களும் நண்பர்களும் எங்கெங்கோ பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் அந்தப் பூட்டில் வந்து முட்டிக்கொண்டிருந்தன. பூட்டைத் திறந்து, வருகிறவர்களைப் புதிய முகவரிக்கு அனுப்பு என்று தெரிந்த ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனை. நான் அதில் பாதியைத்தான் செய்தேன். மே மாதம் பூட்டைத் திறந்தேன். அனுப்பும் வேலையை அப்புறம் செய்யலாம் என்று விட்டேன். இரண்டு வாரத்தில் பழைய பக்கங்கள் தேடலில் வரத் தொடங்கின. மனது குளிர்ந்தது. ஆனால் சர்ச் கன்சோலில் புதிய பக்கங்களுக்கு எதிரே, இது நகல், கூகுள் வேறொரு முகவரியை மூலமாகத் தேர்ந்தெடுத்தது என்ற பொருளில் வரி வந்தது. சேர்ந்திருந்த 9 பக்கங்களில் 6 போய்விட்டன. ஒரே எழுத்து இரண்டு முகவரியில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் மூலமாக எடுத்துக்கொள்ளும். அதற்காகத் தண்டனை எதுவும் கிடையாது. ஆனால் எதை எடுப்பது என்பது அதன் முடிவு. அது பத்து ஆண்டு பழக்கமான முகவரியை எடுத்துக்கொண்டது. அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரந்தரமாக அனுப்ப, தளம் இருக்கும் கணினியான வழங்கியிலேயே 301 என்ற திசைமாற்றம் போடுவதுதான் சிறந்த வழி. பிளாக்கரில் அப்படி வெளித் தளத்துக்கு அனுப்ப அமைப்பு இல்லை, அதன் திசைமாற்ற வசதி அந்த வலைப்பூவுக்கு உள்ளேயேதான். அதனால் வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் ஒரு சிறு நிரலை வைத்து, பழைய பக்கம் திறந்ததும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்குப் போகும்படி செய்ய வேண்டியிருந்தது. கூகுள் இதையும் திசைமாற்றமாகப் புரிந்துகொள்கிறது. நிரலை எழுத, விடுப்பில் வந்த அக்கா மகனுக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. ஆனால் எந்தப் பழைய முகவரி எந்தப் புதிய முகவரிக்கு என்ற பட்டியலை நான்தான் தயாரிக்க வேண்டும். இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை.

பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது முகவரியில் வராது. பிளாக்போஸ்ட் என்ற சொல்லும் ஒரு எண்ணும்தான் வரும். என்னிடம் இருந்த பழைய முகவரிகளில் பெரும்பாலானவை அப்படித்தான், எது எந்தப் பதிவு என்று பார்த்ததும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறு, தமிழையே முகவரியில் வைக்கும். பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக மாறுகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். செம்பவாங் என்ற ஒரு சொல்லுக்கே 81. முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் தரும் இடம் மொத்தம் 200. "செம்பவாங் கடற்படைத் தளத்தில்" என்று தொடங்கினால் மூன்றாவது சொல் பாதியில் அறுந்துவிடும். அப்படித் தொடங்கும் பதிவுகள் என்னிடம் பதினேழு. எல்லாமே ஒரே இடத்தில் அறுந்து, கடைசியில் 2, 3, 4 என்று எண் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குக் குறிகளாக நீளும்.

தமிழ் முகவரி என்பதால் தேடுபொறி சேர்க்காமல் விடுவதில்லை, அது நன்றாகவே படிக்கிறது. ஆனாலும் நான் இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களோடு முகவரியைச் சுருக்கினேன். ரோமன் எழுத்துக்கு மாற்றச் சொன்னார்கள், மனம் வரவில்லை. 1990களில் இணையத்தில் தமிழை ஏற்ற நா. கோவிந்தசாமி உழைத்த ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு அப்பாவின் நினைவுகளுக்கு ரோமன் எழுத்தில் பெயர் வைக்க நான் விரும்பவில்லை. இது என் விருப்பம், உங்களுக்குச் சுருக்கமான ரோமன் முகவரி வசதி என்றால் அப்படியே வையுங்கள். 214 முகவரிகளையும் சுருக்கி, பழையதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு விரிதாளில் ஏற்ற ஐந்து வாரம் ஆனது. தினமும் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைவரை. தளம் மாற்றுவதற்கு முந்தைய நாளே இந்தப் பட்டியலைத் தயாரித்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும், ஏனென்றால் அப்போது இரண்டு பக்கமும் என் கையில் திறந்தே இருந்தன. இன்னொரு சிறு விஷயம்: பிளாக்கரில் கைப்பேசிக்குத் தனி வார்ப்புரு இருந்தால் அதை அணைத்துவிட்டு, இந்த நிரல் கைப்பேசியிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். கூகுள் கைப்பேசிப் பதிப்பைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. பழைய வலைப்பூவை இனி நான் மூடப்போவதில்லை. குறைந்தது ஓராண்டாவது திசைமாற்றம் இருக்கட்டும் என்பது கூகுளின் அறிவுரை. எனக்கு அது என்றைக்கும் இருக்கட்டும்.

ஜூலையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 40, 70, 112. அப்புறம் நின்றுவிட்டது. மீதிக்கு எதிரே, வந்து பார்த்தாயிற்று, இப்போதைக்குச் சேர்க்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி. மற்றவற்றுக்கெல்லாம் காரணம் சொன்ன அறிக்கை இதற்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. இந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அமைதியானபின் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அப்பாவைத் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் கண்ணில் பட்டவை என் பதிவுகளே இல்லை. நான் ஏற்றிய ஒவ்வொரு புகைப்படத்துக்கும் வேர்ட்பிரஸ் ஒரு தனிப் பக்கம் வைத்திருந்தது. படம் மட்டும், ஒரு வரி எழுத்து இல்லை. அறுநூறுக்கு மேல். 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் தளங்களில் இந்தப் பக்கங்கள் வருவதில்லை. அதற்கு முன் நிறுவியவர்கள் தாமாக அணைக்க வேண்டும்.

அணைப்பதற்கு முன் நான் இன்னொரு தவறு செய்தேன். யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் படப் பக்கங்களை ரோபாட்ஸ் கோப்பில் தடுத்து, கூடவே நோஇன்டெக்ஸும் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ரோபாட்ஸ் கோப்பு உள்ளே வராதே என்று சொல்வது. நோஇன்டெக்ஸ் உள்ளே வந்து படித்தால்தான் தெரியும். வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே ஒட்டிய அறிவிப்பை யார் படிப்பது? பட்டியலில் வரக்கூடாது என்றால் நோஇன்டெக்ஸ் மட்டும் போதும்.

படப் பக்கங்களைக் கழித்தபின் மிஞ்சியவைதான் என்னை நிற்க வைத்தன. அவை அப்பாவின் கடிதங்கள். 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த தன் அண்ணனுக்கு அவர் எழுதியவை. பெரியப்பா வீட்டில் பத்திரமாக இருந்து எங்களிடம் திரும்பி வந்தன. அவற்றைப் படமெடுத்துப் போட்டு, மேலே "அப்பாவின் கடிதம், 1964" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எனக்கு அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே போதும். வெளியே இருப்பவருக்கு அந்தப் பக்கத்தில் மூன்று சொற்கள்தான். தொழிலாளர் பற்றி, சம்பளம் பற்றி, லைன் வீட்டுச் சண்டை பற்றி அவர் எழுதிய எதுவும் தேடலுக்கு எட்டவே எட்டாது. மொத்தம் 58 கடிதங்கள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, படத்துக்குக் கீழே முழு எழுத்தையும், யார் யார் என்ற குறிப்பையும் சேர்த்து வருகிறேன். எழுதி முடித்த கடிதங்கள் இரண்டு மூன்று வாரத்தில் பட்டியலில் சேர்ந்தன. எதுவும் தூண்டாமல், பொத்தான் அழுத்தாமல்.

இதைச் செய்யும்போது இன்னொன்றும் புரிந்தது. நான் எங்கும் கடற்படைத் தளம் என்றே எழுதியிருந்தேன். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு அது நேவல் பேஸ், சில கடிதங்களில் நேவிபேஸ். டாக்யார்டு அவருக்கு டாக்கியாட். தேடுகிறவர்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்பதும் சர்ச் கன்சோலில் தெரிகிறது. பாதிப் பேர் நேவல் பேஸ் என்றுதான் தட்டுகிறார்கள். இப்போது பதிவின் முதல் பத்தியிலேயே இரண்டு பெயரும் இயல்பாக வரும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயர்களுக்கும் அப்படியே, ஈசூன் என்று ஒருவர் எழுதுவார், யீஷூன் என்று இன்னொருவர். சொற்களைக் கீழே குவித்து வைக்க வேண்டாம், வாக்கியத்தில் ஒருமுறை வந்தால் போதும்.

பிங் தேடுபொறியையும் மறக்காதீர்கள். அதற்கும் இலவசக் கருவி இருக்கிறது, சர்ச் கன்சோலிலிருந்தே விவரங்களை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை.

நவம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 214-இல் 183 சேர்ந்திருந்தன. நாளுக்கு நாற்பது பேர்வரை வருகிறார்கள். அந்த மாணவிக்கு ஏப்ரல் மாதமே எல்லா இணைப்புகளையும் அனுப்பிவிட்டேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கடிதங்களை நேரில் பார்த்துவிட்டுப் போனாள். சேராத 31-இல் 22 தட்டச்சு செய்யாத கடிதங்கள். 1966 செப்டம்பர் கடிதம் ஒன்று இப்போது மேசையில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு ஆளின் பெயர், மடிப்பில் மை கரைந்து பாதிதான் தெரிகிறது. ஜொகூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னதும் அந்தக் கடிதத்தை ஏற்றிவிடுவேன்.